வேலைக்காரியின் ஞாயிறு



ஜோகுபாளையத்தில் குடியிருக்கும் நம் சகோதரி ஒருவர் வேலை செய்யும் வீட்டுக்காரர் அயல்நாட்டவர். சனிக்கிழமைகளில் உள்ளூர் ஓவியர்களைச் சந்திப்பார். 2025 ஜனவரி 5-ஆம் தேதி, குமார கிருபா சாலையில் கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்திய சித்திரச் சந்தைக்கும் சென்றிருந்தார். மற்ற ஞாயிறுகளில், அவருடைய நாயோடு விளையாட நண்பர்களின் நாய்கள் வரும். இவற்றில் குற்றம் காண நான் துணியேன்.

ஆனால் தரை துடைக்க நின்ற சகோதரி ஏழு வாரம் ஆராதனைக்கு வரவில்லை. நாமோ, விசாரியாமலே, பின்மாற்றம் என்றோம்!

யாத்திராகமம் 20:10-ஐ வாசித்துப் பாருங்கள். அந்நியன், வேலைக்காரி, மிருகம் மூவருக்கும் ஒரே நாளில் ஓய்வு. சகோதரி தயங்கித் தயங்கிக் கேட்டார்; வீட்டுக்காரர் நாய்களின் வருகையை மாலைக்கு மாற்றிவிட்டார். அவருக்கு அதுவரை தெரியாதாம். தெரிந்திருக்க வேண்டிய நாம், சென்ற வாரம் அவரிடம் மன்னிப்புக் கேட்டோம்.