கொழுப்பா காரணம்?

“தோட்டாவில் பூசிய கொழுப்புக்காக ஓர் இராச்சியத்தையே எதிர்த்த மூடர்கள்!” 1857 சிப்பாய்களைப் பற்றி நண்பரொருவர் அண்மையில் இப்படிச் சொல்லிச் சிரித்தார். மட்டக்களப்பு வாவிக்கரையில் இருந்துகொண்டு சிரிக்கும் உரிமை எமக்கில்லை.

என்ஃபீல்ட் துவக்கின் ஈயக்குண்டு, கரிமருந்துப் படிவு ஒட்டிய குழலுக்குள் வழுக்கி இறங்குவதற்கு மசகு வேண்டும். அது மாட்டுக்கொழுப்பு, பன்றிக்கொழுப்பு என்ற ஐயம் டம்டமில் எழுந்ததும், 1857 ஜனவரியிலேயே அரசு இறங்கிவந்தது. ‘மசகில்லாத தோட்டாவைத் தருகிறோம், விரும்பியதை நீங்களே பூசிக்கொள்ளுங்கள்’ என்றது.

கொழுப்புத்தான் காரணமென்றால் கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். சிப்பாய்களோ காகிதத்தையும் சந்தேகித்தனர். ஏப்ரலில் மீரட்டில் 85 பேர், முன்னர் பழகிய பழைய தோட்டாவையே தொட மறுத்தனர். மே 10 இல் கிளர்ச்சி வெடித்தது.

முந்திய ஆண்டுதான் அவத் இராச்சியத்தை விழுங்கிய கை அது. அந்தக் கை நீட்டுவது தூய தேன்மெழுகேயானாலும் எவர் நம்புவார்?

1990 செப்டெம்பர் 5 இல் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டனர். ‘என் பிள்ளை எங்கே?’ என்று கேட்கும் தாய்க்கு, 2016 ஆம் ஆண்டுச் சட்டம் ‘காணாமற்போனவர்’ என்றொரு சான்றிதழை நீட்டுகிறது. வாங்க மறுப்பவளைப் பிடிவாதக்காரி என்கிறோம்.

மசகை மாற்றுவது எந்த அரசுக்கும் எளிது. அவள் கேட்பது உண்மையை.