ஒரே கைதி, இரண்டு நோட்டு

தமிழ்நாடு சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறையின் தலைமை இயக்குநர் அவர்களுக்கு,

விசாரணைக் கைதிகளுக்கு இலவச சட்ட உதவி செய்யும் வழக்கறிஞர் நான். மாதத்தில் பல நாட்கள் உங்கள் சிறை வாசல்களில் கழிகின்றன.

ஒரு கைதி சக கைதியை அடித்தால் அது சிறைக் குற்றம். தண்டனைப் பதிவேட்டில் ஏறுகிறது. அதே கைதி ராத்திரியில் தன் கையைத் தானே அறுத்துக்கொண்டால், சிறை மருத்துவமனையின் நோட்டில் இத்தனை தையல் என்று ஏறுகிறது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது யாருடைய வேலை என்று பலரிடம் விசாரித்துவிட்டேன். பெயர் சொல்ல ஒருவராலும் முடியவில்லை.

சென்ற கோடையில் ஒரு சிறையில் நான் பார்த்த பையனுக்கு இருபது வயது இருக்கும். குறவர் வகுப்பைச் சேர்ந்தவன். ஊரில் எங்கே நகை காணாமல் போனாலும் போலீஸ் ஜீப் முதலில் அவர்கள் தெருவுக்குத்தான் வரும். ஜாமீன் உத்தரவு கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடந்தான். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தான். ஏனென்று கேட்டதற்குச் சிரித்தான். பக்கத்தில் நின்ற வார்டர்தான் பதில் சொன்னார்: "சும்மா சீன் போடுறான் மேடம். கைய கிழிச்சுக்கிட்டா வெளி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவோம்னு நெனப்பு. அதுக்கு முந்தின வாரம் பிளாக்குல ஒருத்தன் மண்டைய ஒடைச்சான். அதுக்குத்தான் மனு கட் பண்ணிருக்கு."

நடந்த வரிசையைக் கேட்டு வாங்க அரை மணி நேரம் ஆயிற்று. சாதிப் பெயரைச் சொல்லி ஒருவன் வம்புக்கு இழுத்திருக்கிறான், இவன் அடித்துவிட்டான். தண்டனையாக மனு நிறுத்தம், அதாவது வீட்டார் வந்து பார்ப்பதற்குத் தடை. அது தெரியாமல் இரண்டு பஸ் மாறி வந்த அம்மா வாசலோடு திரும்பிப் போயிருக்கிறாள். அன்று ராத்திரிதான் கையை அறுத்துக்கொண்டிருக்கிறான். தையல் போட்ட கையோடு தனிக்கொட்டடிக்கு அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் நோட்டுகளில் இது மூன்று இடத்தில், மூன்று அதிகாரிகளின் கையெழுத்தில், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் இருக்கிறது.

தடயவியல் உளவியலில் இந்த மாதிரி நடத்தைக்கு 'இரட்டைத் தீங்கு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் டிரென்ட் பல்கலைக்கழகத்தின் கேரன் ஸ்லேட் 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிறைக்குள் பிறரைத் தாக்கியவர்களில் 42 சதவீதம் வரை தம்மையும் காயப்படுத்திக்கொண்டவர்கள். தம்மைக் காயப்படுத்திக்கொண்டவர்கள் பக்கமிருந்து பார்த்தாலும் நிலைமை அதேதான். பொருட்களை உடைப்பது, தீ வைப்பது போன்றவற்றிலும் இரண்டையும் செய்தவர்களின் பங்கு மற்றவர்களைவிட அதிகம். அங்கேயும் தற்காயத்துக்கு ஒரு நடைமுறை, வன்முறைக்கு வேறொரு நடைமுறை என்றுதான் பிரித்து வைத்திருந்தார்கள். அந்தப் பிரிவினையைத்தான் இத்தகைய ஆய்வுகள் கேள்வி கேட்கின்றன.

அந்த வார்டர் சொன்ன 'சீன்' என்ற சொல்லுக்கும் பதில் இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் 2004 முதல் 2009 வரை பதிவான தற்காயங்களை ஆக்ஸ்ஃபோர்டின் கீத் ஹாட்டன் குழு ஆராய்ந்தது. 26,510 பேர், 1,39,195 நிகழ்வுகள். ஆண் கைதிகளில் ஆண்டுக்கு 5 முதல் 6 சதவீதம் பேர், பெண் கைதிகளில் 20 முதல் 24 சதவீதம் பேர் தம்மைக் காயப்படுத்திக்கொண்டார்கள். அந்த 26,510 பேரில் 109 பேர் பின்னர் சிறையிலேயே தற்கொலை செய்துகொண்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் ஒருவன் அறுத்துக்கொள்கிறான் என்றே வைத்துக்கொள்வோம். டாக்டரைப் பார்க்க அவனுக்கு வேறு வழி இருந்ததா என்பதைத்தானே முதலில் கேட்க வேண்டும்?

தனிக்கொட்டடி பற்றி நியூயார்க் நகரச் சிறைகளில் எடுத்த கணக்கு 2014-இல் வெளிவந்தது. சிறைக்கு வந்தவர்களில் தனிமைச் சிறையைப் பார்த்தவர்கள் 7.3 சதவீதம்தான். மொத்தத் தற்காயங்களில் பாதிக்கு மேல், 53.3 சதவீதம், அந்தச் சிறு கூட்டத்தில் நடந்தவை. அடங்குவதற்காக அடைக்கிறோம் என்று சொல்கிற எந்த அதிகாரியும் இந்த எண்ணை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கணக்கு என்பீர்கள். உண்மைதான், நம்மூர்க் கணக்கு எங்கே? தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 சிறைப் புள்ளிவிவரப்படி நாடு முழுவதும் இயற்கைக்கு மாறான சிறைச் சாவுகள் 159, அவற்றில் தற்கொலை 119. செத்தவர்களை எண்ணுகிறோம். அறுத்துக்கொண்டு பிழைத்தவர்களுக்கு அந்தப் புத்தகத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

சட்டமும் குழப்பத்தைக் கூட்டுகிறது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கொள்ள வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது, அரசு சிகிச்சை தர வேண்டும் என்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 226-ஆவது பிரிவோ, அரசு ஊழியரைப் பணிய வைக்கும் நோக்கத்தோடு தற்கொலைக்கு முயன்றால் ஓராண்டு வரை சிறை என்கிறது. வெளியே உண்ணாவிரதப் போராளிகளை நினைத்து எழுதியது போலத் தெரிந்தாலும், உள்ளே ஒரு கைதியின் ஒரே ராத்திரிக்கு இரண்டு பிரிவுமே பொருந்தும். எதை எடுப்பது என்று அந்த நேரத்தில் தீர்மானிக்கப் போகிறவர் தூக்கமில்லாத டியூட்டி ஜெயிலர். 1894 சிறைச் சட்டத்தின் குற்றப் பட்டியலில் இருந்த 'நோய் இருப்பதாக நடித்தல்' என்ற வாசகம் எல்லார் மனதிலும் இன்னும் உட்கார்ந்திருக்கிறது.

சாதியைத் தொடாமல் இதைப் பேச முடியாது. சுகன்யா சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபர் 3 அன்று தீர்ப்பளித்தபோது பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து வைத்ததையும் ஏற்க மறுத்தது, கைதிப் பதிவேடுகளில் சாதிக் கட்டத்தை நீக்கச் சொன்னது. கலந்து வைத்தால் வெட்டுக்குத்து வரும் என்று உங்கள் அதிகாரிகள் பயப்படுவதை வெறும் சாக்கு என்று நான் தள்ளமாட்டேன். 2021 ஏப்ரலில் அதே சிறைக்குள் ஒரு விசாரணைக் கைதி சக கைதிகளால் கொல்லப்பட்டார். ஆனால் பிரித்து வைத்திருந்த காலத்தில் யாரும் பத்திரமாக இருந்துவிடவில்லை. பிளாக்கில் தன் ஆட்கள் இல்லாத பையன் என்ன பாடுபடுகிறான், எப்போது வெடிப்பான், எப்போது தன்மேலேயே திரும்புவான் என்பதைச் சாதிச் சுவர் எந்த அதிகாரிக்கும் சொன்னதில்லை. தனி ஆளின் பதிவேட்டில் சாதி வேண்டாம். பெயர் நீக்கிய மொத்தக் கணக்கில் மட்டும் அது இருக்கட்டும். தலித், பழங்குடி, சீர்மரபினர், முஸ்லிம், திருநர் கைதிகளிடையே தற்காயம் எவ்வளவு என்று தெரியாவிட்டால் யாருக்கு எங்கே உதவி தேவை என்று எப்படித் தெரியும்?

நான் கேட்பது பெரிய பணம் பிடிக்கிற காரியம் இல்லை. அடித்ததும் அறுத்துக்கொண்டதும் ஒரே தாளில், தேதி வரிசையில், ஒரே அதிகாரியின் பொறுப்பில் வரட்டும். தற்காயம் நடந்த பிறகு தனிக்கொட்டடியும் மனு நிறுத்தமும் கூடாது என்று சுற்றறிக்கை போடுங்கள். மனு நிறுத்தத்தைத் தண்டனைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடலாம் என்பது என் கட்சி, அதைப் பிறகு பேசிக்கொள்வோம். 226-ஆவது பிரிவில் புகார் கொடுக்குமுன் மனநல மருத்துவர் பார்த்தாக வேண்டும் என்று எழுதுங்கள். 500 கைதிகளுக்கு ஓர் உளவியலாளர் என்று 2016 மாதிரிச் சிறைக் கையேடு சொல்கிறதே, அந்தப் பணியிடங்களை ஒப்பந்தக் கூலியில் இல்லாமல் நிரந்தரமாக நிரப்பக் கேளுங்கள். வார்டர்களுக்கு நடக்கும் பயிற்சியில் இதற்கும் நேரம் ஒதுக்குங்கள், ராத்திரி மூன்று மணிக்கு ரத்தத்தைப் பார்க்கிற முதல் ஆள் வார்டர்தான். மனநலச் சட்டத்தின் 103-ஆவது பிரிவுப்படி சிறை மருத்துவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். அதில் இந்த எண்களைச் சேர்த்து வெளியிட எந்தத் தடையும் இல்லை.

எல்லாச் சிறையிலும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். ஒரு மத்திய சிறையில் ஆறு மாதம் செய்து பாருங்கள். புழல் வேண்டாம், அங்கே எப்போதும் யாராவது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கேமராக்காரர்கள் வராத ஊராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு சட்ட உதவி வழக்கறிஞர்