பல் சொத்தை: தில்லி மறந்த பாதி

புது தில்லி: மத்திய அரசின் பார்வையில் ஃபுளோரைடு என்பது குடிநீரிலிருந்து அகற்றப்பட வேண்டிய நச்சு. நல்கொண்டாவில் எலும்புகள் வளைந்து முடங்கியவர்களைக் கண்ட நாட்டில் இது இயல்பே; 2008-09-இல் தொடங்கிய ஃபுளோரோசிஸ் தடுப்புத் திட்டமும் தேவையானதே.

ஆனால், இந்திய பல் மருத்துவக் கவுன்சில் 2002-03-இல் நடத்திய ஆய்வில், 12 வயதுச் சிறாரில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பல் சொத்தை இருந்தது. 2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டம் சொத்தையைக் கண்டறிந்து சிகிச்சைக்கு அனுப்புகிறது; அதாவது, பல் கெட்ட பிறகு.

வராமல் தடுக்க எளிய வழி உண்டு. 0.2 சதவீத சோடியம் ஃபுளோரைடு கரைசலால் மாணவர்கள் வாரம் ஒருமுறை ஆசிரியர் முன்னிலையில் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இவ்வாறு மேற்பார்வையுடன் கொப்பளித்தால் நிரந்தரப் பற்களில் சொத்தை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவதாக 2016-இல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு தெரிவிக்கிறது. விழுங்கிவிடக்கூடும் என்பதால் 6 வயதுக்கு உள்பட்டோருக்கு இது கூடாது.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த மாவட்டங்களில் இத்திட்டத்தைத் தொடங்குவது விவேகமாகாது. எனவே நாடு முழுமைக்கும் ஒரே உத்தரவு பொருந்தாது. நீர்ப் பரிசோதனை முடிவுகள் குடிநீர்த் துறையிடமும், மாணவர் பட்டியல் கல்வித் துறையிடமும் உள்ளன. இரண்டையும் ஒப்பிட்டுப் பள்ளிகளைத் தேர்வு செய்யும் பொறுப்பைச் சுகாதார அமைச்சகம்தான் ஏற்க வேண்டும்.