எரவாணத்து டம்ளர்

எங்கள் ஊர் இரும்பை மாகாளேஸ்வரர் கோயில் லிங்கம் மூன்றாகப் பிளந்ததற்கு ஒரு கதை சொல்வார்கள். கடுவெளிச் சித்தரின் தவத்தைக் கலைக்க அரசன் ஒரு தாசியை ஏவினான். பின்னொரு நாள் கோயிலில் அவள் ஆடும்போது கழன்று விழுந்த சிலம்பைச் சித்தர் எடுத்து அவள் காலில் மாட்டிவிட்டார். சபை சிரித்தது, அவர் சபித்தார், லிங்கம் வெடித்தது. அரசன் மன்னிப்புக் கேட்டான், சித்தர் மனமிரங்கினார். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த நானும் இதைக் கேட்டு வளர்ந்தவள்தான். அந்தப் பெண்ணிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா என்று ஒருவரும் சொன்னதில்லை. நானும் நாற்பது வயது வரை கேட்டதில்லை.

எங்கள் மதத்தில் மன்னிப்புக் கேட்கப் பெண்களுக்குப் பஞ்சமில்லை. புதுநன்மைக்கு முன்பே சின்னக்குறிப்பிடத்தை மனப்பாடம் செய்ய வைத்து ஆத்தும சோதனை பழக்குவார்கள். கோபப்பட்டேனா, எதிர்த்துப் பேசினேனா, பூசைக்குப் பிந்தினேனா என்று ஒரு பட்டியல். இது நேற்று வந்ததல்ல. தமிழில் அச்சான முதல் நூல்களில் ஒன்றே பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடுதான். முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்காக உழைத்த அண்டிரிக் அடிகளார் 1580இல் கொச்சியில் அதை அச்சிட்டார். நம் எழுத்து அச்சேறிய இரண்டே ஆண்டில் நம் பாவங்களும் அச்சேறிவிட்டன.

திருமணமான மூன்றாம் வருடம் கணவர் அடித்தார். அவரை மனதுக்குள் சபித்தேன் என்று போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். ஏன் சபித்தாய் என்ற கேள்வி கம்பி வலைக்கு அந்தப்பக்கத்திலிருந்து வரவில்லை. "பொறுமையா இரும்மா, அவருக்காக வேண்டிக்க" என்ற குரல்தான் வந்தது. அபராதம் ஒரு ஜெபமாலை. அடித்தவர் அந்த வருடம் கோயில் பக்கமே வரவில்லை. அவர் கணக்குக்கும் சேர்த்து நான் மணி உருட்டினேன்.

அந்தக் கம்பி வலை ஏன் வந்தது தெரியுமா? 16ஆம் நூற்றாண்டில் மிலான் பேராயர் சார்லஸ் பொரோமேயோ, பெண்கள் பாவசங்கீர்த்தனம் செய்யும் இடத்தில் தடுப்பு வேண்டும் என்று கட்டாயமாக்கினார். கேட்கும் ஆணை நம்ப முடியாமல் வைத்த தடுப்பு. சோதனை மட்டும் இந்தப்பக்கம் முழங்காலிட்டிருப்பவளுக்கு.

2018இல் கேரளத்தில், பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதை வைத்தே ஒரு பெண்ணை மிரட்டியதாகக் குருக்கள் மீது புகார் எழுந்தபோது, தேசிய மகளிர் ஆணையம் இந்த வழக்கத்தையே ஒழிக்கப் பரிந்துரைத்தது. நான் அதற்கு உடன்படவில்லை. தன்னைத் தானே விசாரித்துக்கொள்வது நமக்கு வேண்டும். எதை விசாரிப்பது என்பதை அவர்கள் தீர்மானிப்பதுதான் வேண்டாம்.

என் கதைக்கே வருகிறேன். அம்மா பிறந்த வீடு மரக்காணத்தில். லீவுக்குப் போனால் அம்மாச்சியோடு உப்பளத்துக்குப் போவேன். பாத்தியிலிருந்து ஆண்கள் வாரி ஒதுக்கும் உப்பைப் பெண்கள் கூடையில் சுமந்து மேட்டில் கொட்டுவார்கள். உப்புத் தண்ணீரில் ஊறிக் குதிகால் பாளம் பாளமாக வெடித்திருக்கும். அம்மாச்சிக்கு ஜோடியாகச் சுமந்தவர் காலனிப் பெண். அவரும் வேதக்காரர், அதே பூசைக்கு வருபவர். வீட்டுக்கு வந்தால் எரவாணத்தில் செருகியிருக்கும் அலுமினிய டம்ளரை அவரே எடுத்துக் கழுவி நீட்ட வேண்டும். நான் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றுவேன். அம்மாவைவிட மூத்தவரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன்.

முப்பது வருட ஆத்தும சோதனையில் அந்த டம்ளர் ஒருமுறைகூட வரவில்லை. மறைத்தேன் என்று சொல்ல முடியாது. அது பாவம் என்றே தெரியாது. அதே வாயால் சாதித் தெருவின் பெண்ணாக என் துயரத்தை மேடை மேடையாகப் பேசியிருக்கிறேன். கை தட்டினீர்கள்.

2008 மார்ச்சில் எறையூரில், அப்போது எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது, தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களின் வீடுகளை வன்னியக் கத்தோலிக்கர்கள் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் செத்தார்கள். அடுத்து வந்த தவக்காலத்திலும் எல்லாரும் மார்பில் அடித்துக்கொண்டுதான் இருந்திருப்போம். 2016இல் இந்திய ஆயர் பேரவை, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டு கொள்கை அறிக்கை வெளியிட்டது. ஒப்புக்கொண்டது சரி, அபராதம்? திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்காமல் மனஸ்தாபம் முழுமையாகாது என்று மறைக்கல்வியில் நமக்குச் சொல்லித் தருகிறார்கள். சகேயு நாலு மடங்கு திருப்பித் தந்தான். திருடிய மரியாதைக்கு மட்டும் கண்ணீர் போதுமா?

போன வருடம் அந்த அம்மாவைத் தேடிப் போனேன். எண்பதைத் தாண்டியிருப்பார். உப்பு வெளிச்சத்திலேயே கழிந்த கண்ணில் பாதிப் பார்வைதான். முதல்முறையாக "அத்தை" என்று கூப்பிட்டு டம்ளரைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"எனக்குத் தெரியாதா பாப்பா? இதை என்கிட்ட வந்து குசுகுசுன்னு சொல்றியே, உன் சனம் நடுவுல நின்னு சொல்லுவியா?"

தவக்காலத்தில் பூசை முடிந்ததும் ஐந்து நிமிடம் பேச அனுமதி கேட்டுப் பங்குக்கு எழுதிக் கொடுத்தேன். நிர்வாகத்தில் பேசிவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். குருத்து ஞாயிறும் போய்விட்டது.