கர்சரை நம்பி டெலீட் பண்ணாதீங்க

இந்த எபிசோடில் எம்பெடட் டேட்டாபேஸ் பற்றிப் பேசும்போது கர்சரை அரை நிமிஷத்தில் தாண்டிப் போயிட்டேன். அது உறுத்திக்கிட்டே இருக்கு, அதனால் இங்கே எழுதிடறேன்.

போல்ட் தெரியும்தானே? ஹோவர்ட் சூவின் எல்எம்டிபியைப் பார்த்து, பென் ஜான்சன் கோ மொழியில் எழுதினது. தனி சர்வர் கிடையாது. ஒரே ஒரு ஃபைல், உள்ளே கீ எல்லாம் வரிசையா ஒரு பி-பிளஸ் ட்ரீயில். அதிலிருந்து பிரிந்த பிபோல்ட்தான் இன்று எட்சிடிக்குள் ஓடுது. எட்சிடியை நம்பித்தான் குபர்னெட்டீஸ் நிற்குது.

இப்போ ஒரு யூசர் "என் அக்கவுண்ட்டை அழிச்சிடுங்க" என்று கேட்கிறார். அவர் ஐடியில் தொடங்கும் கீக்களுக்கு கர்சரை நகர்த்தி, டெலீட், நெக்ஸ்ட், டெலீட், நெக்ஸ்ட் என்று லூப் போடுறோம். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் கர்சர் கையில் வைத்திருப்பது கீயை இல்லை. எந்தப் பக்கம், அதில் எத்தனையாவது இடம் என்ற எண்ணை. க்யூவில் ஒருவர் விலகினால் பின்னாடி இருப்பவர்கள் ஓரடி முன்னால் வந்துடுவாங்க இல்லையா? கர்சர் அதைக் கவனிக்காமல் அடுத்த எண்ணுக்குப் போகும். நடுவில் ஒரு கீ தப்பிச்சிடும்.

இதைவிட மோசம், பழைய போல்ட்டில் இது எப்பவும் நடக்காது. அதே ட்ரான்ஸாக்ஷனில் அந்தப் பக்கத்தை நீங்க முன்னாடி தொடவில்லை என்றால், கர்சர் பழைய பக்கத்தின் மேலேயே நடந்து எல்லாத்தையும் சரியா அழிச்சிடும். டெஸ்ட் பாஸ் ஆகும். முன்னாடி ஒரு புட் நடந்திருந்தால்தான் தாவும். எரர் வராது. லாகில் "அழிக்கப்பட்டது" என்றே இருக்கும். ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு ஜிடிபிஆர் 17ஆம் பிரிவைப் பற்றி நான் சொல்லணுமா?

எல்எம்டிபியில் கதை வேற. டெலீட் ஆனதும் கர்சரில் ஒரு கொடி ஏறும். அடுத்த நெக்ஸ்ட் அதைப் பார்த்து, நகராமல் நின்ற இடத்தில் இருப்பதையே தரும். ஒன்றில் பழகின கையோடு இன்னொன்றில் எழுதினால் மாட்டிக்குவோம்.

"டாக்குமென்டேஷனில் இருக்கே, படிக்கலையா?" என்பாங்க. உண்மைதான், நடுவில் டேட்டாவை மாற்றினால் கர்சரைத் திரும்ப நிலைப்படுத்தணும் என்று போல்ட் தெளிவா எழுதி வச்சிருக்கு. ஆனா இந்தச் சமாதானத்தை நான் ஏத்துக்க மாட்டேன். கர்சர் மேலேயே டெலீட்டைக் கொடுத்துட்டு, லூப்பில் போடாதே என்றால் என்ன நியாயம்? ஒன்று சரியா நடக்கணும், இல்லை சத்தம் போட்டு உடையணும்.

அதனால் இரண்டு நடையா செய்யுங்க. முதலில் கீக்களைச் சேகரிங்க, காப்பி எடுத்து. கர்சர் தரும் பைட்டுகள் ஃபைலின் நினைவகத்தையே நேரடியா சுட்டலாம். ட்ரான்ஸாக்ஷன் முடிஞ்சா அவை செல்லாது. பிறகு அழிங்க. லட்சக்கணக்கில் இருந்தால் ஆயிரம் ஆயிரமா. டெஸ்டில், அதே ட்ரான்ஸாக்ஷனுக்குள் முதலில் நாலு கீ போட்டு, பிறகு அழிச்சு, கடைசியில் அதே ஐடிக்கு ஒரு சீக் அடிச்சுப் பாருங்க.