அட்மிரலுக்கு எதற்கு எம்.பி.ஏ.?

அட்மிரல்களுக்கு மேலாண்மைப் பாடம் எடுப்பதை யாராவது புகழ்ந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஒரு கட்டு சிடி.

அமெரிக்கக் கடற்படையின் இளம் அதிகாரிகள் கப்பலேறும் முன் நியூபோர்ட்டில் மாதக்கணக்கில் வகுப்பில் உட்கார்ந்து அடிப்படைகளைப் படித்தார்கள். 2003-இல் செலவை மிச்சம்பிடிக்க அதை மூடிவிட்டு, சிடிகளைக் கையில் கொடுத்து நேராகக் கப்பலுக்கு அனுப்பினார்கள். மிச்சத்தை வேலை பார்த்துக்கிட்டே கத்துக்கோ! காகிதத்தில் பிரமாதமான முடிவு. நான் படித்த எம்.பி.ஏ. வகுப்பில் முழு மதிப்பெண் போட்டிருப்பார்கள்.

2017 ஜூன் 17, ஜப்பான் அருகே ஃபிட்ஸ்ஜெரால்ட் போர்க்கப்பல் சரக்குக் கப்பலோடு மோதி 7 பேர் செத்தார்கள். ஆகஸ்ட் 21, சிங்கப்பூர் அருகே ஜான் எஸ். மெக்கெய்ன் எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 பேர். மெக்கெய்னில் சுக்கானும் வேகமும் தொடுதிரையில் இருந்தன. கட்டுப்பாடு பக்கத்து மேசைக்கு மாறியது தெரியாமல், சுக்கானே போய்விட்டது என்று நினைத்தார்கள்.

சிடிதான் கொன்றது என்று சொல்லவில்லை. எதுவும் அவ்வளவு நேர்க்கோட்டில் நடப்பதில்லை. ஆனால் அந்த ஜூனில், ஜப்பானைத் தளமாகக் கொண்ட குரூசர், டெஸ்ட்ராயர்களின் பயிற்சிச் சான்றிதழ்களில் 37 சதவீதம் காலாவதியாகிக் கிடந்தன. சொன்னது அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு. மேலே இருந்தவர்களுக்கு இது தெரியாதா? தெரியும். காலாவதியானதைச் சமாளிக்கவே தனியாக ஒரு திட்டப் படிவம் இருந்தது. எழுது, கையெழுத்து வாங்கு, கப்பலை அனுப்பு. இதைவிடச் சுத்தமான நிர்வாகம் எங்கே இருக்கிறது?

எதிர்வாதம் தெரியும். அட்மிரலின் கையில் கோடிக்கணக்கான டாலர், ஆயிரக்கணக்கான ஆட்கள்; பட்ஜெட் படிக்கத் தெரியாமல் என்ன செய்வார்? சரிதான். மான்டெரேயில் உள்ள கடற்படையின் முதுநிலைக் கல்லூரி மூத்த அதிகாரிகளுக்கு அதற்கென்றே பாடம் நடத்துகிறது. நடத்தட்டும், பட்ஜெட் தெரியாத அட்மிரல் இன்னும் ஆபத்து. நான் கேட்பது ஒன்றுதான்: கம்பெனி கதைகளுக்கு முன்னால் அந்தப் படிவத்தை மேசையில் வையுங்கள். கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரும் அன்றைக்கு என்ன நினைத்தார் என்று பேசவிடுங்கள். ‘சார், கப்பல் தயாரில்லை’ என்று மேலிடத்தில் சொல்வது எப்படி? அதையே ஒரு கேப்டன் நம்மிடம் வந்து சொன்னால் அவன் பதவி உயர்வு போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி? இந்த இரண்டுக்கும் பதில் இல்லாத தலைமைப் பயிற்சி, நல்ல ஓட்டலில் ஒரு வாரம் தங்கி வருவதுதான்.

மோதலுக்குப் பின் மாலுமிகளிடம் கருத்துக் கேட்டார்கள். தொடுதிரை வேண்டாம், கைப்பிடியையே கொடுங்கள் என்றார்கள். 2019-இல் கடற்படை, பழைய மாதிரி கைப்பிடிகளையே திரும்பப் பொருத்தப்போவதாகச் சொன்னது.