வெற்றுத் தட்டில் ஒரு விருந்து

ஆயிரத்தொரு இரவுகளில் ஒரு கதை உண்டு. பசியோடு வாயிலில் வந்து நின்ற இரவலன் ஒருவனைப் பாக்தாத் நகரத்துப் பார்மெசைடு குலச் செல்வன் விருந்துக்கு அமர்த்துகிறான். தட்டுகள் வருகின்றன, அவற்றில் உணவு இல்லை. செல்வனோ ஒவ்வொரு பதார்த்தத்தின் சுவையையும் வியந்து பேசுகிறான். இரவலனும் மென்று விழுங்குவதாக நடிக்கிறான். இல்லாத மதுவும் பரிமாறப்படுகிறது. அதைப் பருகிப் போதை தலைக்கேறியவன்போல் இரவலன் எழுந்து, விருந்தளித்தவனை அறைந்துவிடுகிறான். செல்வன் சிரிக்கிறான். அதன் பிறகுதான் உண்மையான விருந்து வருகிறது.

2018 ஏப்ரலில், வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் தேசிய வான் மற்றும் விண்வெளி அருங்காட்சியகம் 'பார்மெசைடின் விருந்து' என்ற பெயரில் ஓர் அறையைப் பார்வையாளர்களுக்குத் திறந்து வைத்தது. ஸ்டான்லி குப்ரிக்கின் '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி' வெளியாகி ஐம்பது ஆண்டுகள் நிறைந்ததைக் கொண்டாடும் ஏற்பாடு அது. படத்தின் இறுதியில் விண்வெளி வீரன் போமன் முதுமையடைந்து மடியும் அந்த வெண்ணிற அறை, ஒளிரும் தரையும் பழைய பாணி நாற்காலிகளும் கட்டிலுமாக முழு அளவில் மீண்டும் கட்டப்பட்டிருந்தது. சைமன் பர்ச் என்ற கலைஞர் அதற்கு முந்தைய ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸில் நிறுவிக் காட்டிய படைப்பு இது. பெயர் சூட்டியவர் கதையை நன்கு அறிந்தவராகவே இருக்க வேண்டும். திரையில் நம்மைக் கலங்கடித்த அறைக்குள் நாம் உடலோடு நுழைகிறோம். ஆனால் அங்கே அந்தக் காலக்குழப்பம் இல்லை, மூச்சொலி இல்லை, கருங்கல் இல்லை. தட்டு இருக்கிறது, உணவு இல்லை.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தன் வெறுமையைத் தன் பெயரிலேயே அறிவித்துக்கொண்ட அந்த அறை நேர்மையானது. என் மனத்தாங்கல் அப்படி அறிவித்துக்கொள்ளாத கண்காட்சிகளைப் பற்றியது. செவ்வியல் தகுதி பெற்றுவிட்ட ஓர் அறிவியல் புனைவுப் படத்தை அருங்காட்சியகம் கொண்டாடும்போது, பெரும்பாலும் அது கோயில் கட்டத் தொடங்கிவிடுகிறது. கண்ணாடிப் பேழைக்குள் தலைக்கவசம், சிவப்பு விளக்கொளியில் ஹால் கணினியின் கண், எதிரே நின்று படமெடுத்துக்கொள்ள ஒரு மேடை. பார்வையாளன் வழிபட்டுத் திரும்புகிறான். படத்தோடு அவனுக்கு எந்த உரையாடலும் நிகழ்வதில்லை.

இந்தப் படத்தைப் பொறுத்தவரை வழிபாட்டுக்கான பொருள்களே அரிது என்பது ஒரு வேடிக்கை. தம் மாதிரிக் கலங்களையும் அரங்குகளையும் பிறர் எடுத்து வேறு மலிவான படங்களில் பயன்படுத்திவிடக் கூடாது என்பதால் குப்ரிக் அவற்றை அழித்துவிட விரும்பினார் என்பது அறிந்த செய்தி. தப்பிப் பிழைத்தவை மிகச் சில. நிலவுக்குச் செல்லும் உருண்டையான ஏரீஸ் கலத்தின் மாதிரி 2015இல் ஏலத்துக்கு வந்தபோது, ஆஸ்கர் விருதுகளை வழங்கும் அகாதெமி அதனை 3,44,000 டாலருக்கு வாங்கித் தன் அருங்காட்சியகத்தில் சேர்த்துக்கொண்டது. அது போற்றத்தக்க கைவினை என்பதில் ஐயமில்லை. ஆயினும் படத்தின் உயிர் அதில் இருப்பதாகக் கருதிவிட முடியுமா?

பொருள்களை அழிக்க எண்ணிய அதே மனிதர் காகிதங்களை அழிக்கவில்லை. கடிதங்கள், திரைக்கதைப் படிகள், ஓவியங்கள், ஆய்வுக் குறிப்புகள் எனப் பெட்டி பெட்டியாகத் தம் வீட்டில் சேர்த்து வைத்திருந்தார். அவர் மறைவுக்குப் பின், 2004இல் ஃபிராங்க்ஃபர்ட்டின் ஜெர்மன் திரைப்பட அருங்காட்சியகம் அவர் குடும்பத்தின் ஒத்துழைப்போடு அமைத்த பெருங்கண்காட்சி இந்தச் சேமிப்பிலிருந்தே எழுந்தது; அது பல நாடுகளுக்கும் பயணம் சென்றது. 2007 முதல் அந்த ஆவணங்கள் லண்டன் கலைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்களுக்குத் திறந்திருக்கின்றன. எதைக் காட்சிப்படுத்தலாம் என்பதற்கு குப்ரிக்கே விட்டுச் சென்ற குறிப்பாக இதை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். முடிந்த பொருளைக் காட்டிலும் முடிவுக்கு வந்த வழியே காட்டத்தக்கது. இலக்கியம் படித்தோர் மொழியில் சொன்னால், படத்தின் பாடபேதங்களைக் காட்ட வேண்டும்.

இந்தப் படத்துக்குப் பாடபேதங்கள் ஏராளம். ஆர்தர் சி. கிளார்க் எழுதிய புதினமும் படமும் அருகருகே வளர்ந்தவை; இருந்தும் புதினத்தில் கலம் சனிக்குச் செல்கிறது, படத்தில் வியாழனோடு நின்றுவிடுகிறது. சனியின் வளையங்களை நம்பும்படி திரையில் உருவாக்க இயலவில்லை என்பதே காரணம். ஒரு தொழில்நுட்பத் தடை ஒரு கோளையே மாற்றிவிட்டது! கருங்கல் முதலில் கருங்கல்லாகவே இல்லை. ஒளி ஊடுருவும் பெரிய அக்ரிலிக் பாளமாக வார்க்கப்பட்டது. படச்சுருளில் அது மனநிறைவு தராததால் ஒதுக்கப்பட்டது. அந்தப் பாளத்தைத்தான் பின்னர் ஆர்தர் ஃபிளைஷ்மன் என்ற சிற்பி மகுடமாகச் செதுக்கினார்; 1977இல் பிரிட்டிஷ் அரசியின் வெள்ளி விழாவையொட்டி அது லண்டனின் செயின்ட் கேத்தரின் துறையில் நிறுவப்பட்டது. வேற்றுக் கோளின் அறிவாக இருந்திருக்க வேண்டியது ஓர் அரசியின் மகுடமாயிற்று.

இன்னும் சொல்லலாம். வேற்றுலக உயிர்கள் குறித்து 21 அறிஞர்களைப் பேட்டி கண்டு, அதனைப் படத்தின் முன்னுரையாக வைக்க நினைத்துக் கைவிட்டார் குப்ரிக். விளக்கம் சொல்லும் பின்னணிக் குரலையும் நீக்கினார். அலெக்ஸ் நார்த் எழுதிய இசை முழுவதையும் விலக்கி, ஸ்ட்ராஸ், லிகெட்டி ஆகியோரின் இசையை வைத்தார். 1968 ஏப்ரலில் முதற்காட்சிகளுக்குப் பின் மேலும் சுமார் 19 நிமிடங்களை வெட்டினார். இப்படம் சேர்த்ததால் உருவானதன்று. விலக்கி விலக்கி எஞ்சிய மௌனம் அது. அந்த விலக்கல்களை வரிசையாகக் காணும் பார்வையாளன், 'ஏன் இதை எடுத்தார்?' என்று கேட்கத் தொடங்குவான். அந்தக் கேள்வியே ரசனையின் முதல் படி.

இரண்டாவதாக, கொண்டாட்டம் எப்போதும் ஒற்றைப் பெயரின் மீதே குவிகிறது. சிறப்புத் தோற்றங்களுக்காக 1969இல் தரப்பட்ட ஆஸ்கர் குப்ரிக் பெயருக்கு மட்டுமே சென்றது; அவர் வாழ்நாளில் பெற்ற ஒரே ஆஸ்கரும் அதுதான். வாலி வீவர்ஸ், டக்ளஸ் டிரம்புல், கான் பெடர்சன், டாம் ஹோவர்ட் ஆகியோரின் உழைப்பு அந்தச் சிலையில் பொறிக்கப்படவில்லை. மனிதக் குரங்குகளுக்கு முகம் படைத்த ஸ்டூவர்ட் ஃப்ரீபோர்ன், அவற்றுக்கு உடல்மொழி கற்பித்து மூன்வாட்ச்சராகவும் நடித்த மௌன நடிகர் டேனியல் ரிக்டர், 38 அடி விட்டமுள்ள சுழலரங்கை நிறுவிய வைக்கர்ஸ் ஆம்ஸ்ட்ராங் நிறுவனத்துத் தொழிலாளர்கள் என இப்பட்டியல் நீளும். அரங்கம் சுழலச் சுழல நடிகர் கீழ்ப்புறத்திலேயே நடந்துகொண்டிருக்க வேண்டும் என்ற எளிய உண்மையை ஓர் இயங்கும் சிறு மாதிரி வழியே காட்டினால், பத்துத் தலைக்கவசங்கள் தர முடியாத வியப்பு அதில் கிட்டும்.

மூன்றாவது நோய், ஆரூட மதிப்பெண். எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று அட்டவணை இடுவது. 2011இல் ஆப்பிள் தொடுத்த வழக்கொன்றில் சாம்சங் நிறுவனம் இப்படத்தின் சாப்பாட்டு மேசைக் காட்சியையே சான்றாக முன்வைத்தது. நீதிமன்றத்துக்கு அது பொருந்தலாம், அருங்காட்சியகத்துக்குப் பொருந்தாது. படத்தில் விண்வெளிக்கே விமானம் விட்ட பான் ஆம் நிறுவனம் 1991இல் மூடப்பட்டுவிட்டது. அதனால் படத்துக்கு ஒரு மதிப்பெண் குறைந்துவிடுமா? அறிவியல் புனைவு பஞ்சாங்கமன்று. தான் பிறந்த காலத்தின் அச்சத்தையும் ஆசையையும் அது தூரத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்க்கிறது, அவ்வளவே.

'சாதாரண மக்கள் வரும் இடத்தில் காகிதக் குப்பையைக் காட்டினால் யார் வருவார்கள்?' என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் விடையும் உண்டு. ஃபிராங்க்ஃபர்ட்டில் 2018இல் இந்த ஒரே படத்துக்கெனத் தனிக் கண்காட்சி நடந்தது. நியூயார்க்கின் அசையும் பிம்பங்கள் அருங்காட்சியகம் 2020 ஜனவரியில் இப்படம் உருவான வழியையே பொருளாகக் கொண்டு கண்காட்சி திறந்தது. பெருந்தொற்றால் இடையில் மூட நேர்ந்தபோதும், 2021இல் மீண்டும் திறக்கையில் அந்தக் கண்காட்சியையே தொடர்ந்தார்கள். செய்முறையைக் காணும் ஆவல் மக்களுக்கு இல்லை என்பது அமைப்பாளர்களின் கற்பனை.

'செய்முறையைக் காட்டினால் மர்மம் போய்விடுமே' என்பது இன்னும் ஆழமான மறுப்பு. போகாது. விண்மீன் வாயிலின் ஒளிப்பாய்ச்சல் ஒரு குறுகிய பிளவின் வழியே சட்டகம் சட்டகமாகப் பதிவு செய்யப்பட்டது என்று அறிந்த பின்னும் அது நம்மை இழுத்துச் செல்கிறது. யாப்பைக் கற்றவனுக்குக் கவிதை கசந்ததாக நான் கண்டதில்லை. மர்மத்தைக் கொல்வது செய்முறை விளக்கமன்று, 'இதன் பொருள் இதுதான்' என்று சுவரில் எழுதி வைக்கும் பலகையே. குப்ரிக் நீக்கிய பின்னணிக் குரலை அருங்காட்சியகம் ஏன் மீண்டும் எழுத வேண்டும்?

ஆகவே இப்படியொரு கண்காட்சி அமைப்போருக்கு என் வேண்டுகோள் சுருக்கமானது. பொருளைக் குறைத்து விலக்கப்பட்டவற்றைக் காட்டுங்கள். உழைத்தவர்களின் பெயர்களை எழுதுங்கள். ஆரூடக் கணக்கை விடுங்கள். உடன்படாத குரல்களுக்கும் ஒரு சுவர் ஒதுக்குங்கள். 1968இல் இப்படத்தைச் சலிப்பூட்டுவது என்று தள்ளிய விமர்சகர்களின் எழுத்தும் அங்கே இருக்கட்டும். அந்தப் பாக்தாத் செல்வன் விருந்தினனிடமிருந்து எதிர்பார்த்தது பாராட்டை அல்ல, பதிலை. கடைசியாக, வெளியே செல்லும் வழி நினைவுப்பொருள் கடைக்குப் போகாமல் ஓர் இருண்ட அரங்குக்குப் போகட்டும். அங்கே எழுபது மில்லிமீட்டர் படச்சுருளில் அந்தப் படம் ஓடிக்கொண்டிருக்கட்டும்.